மெழுகுவத்தித் தாளில் ஒரு றெக்கை

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் படி ஏறும்போதே அந்த வாசனை.

பசை காய்ச்சுகிற வாசனை. மாவு கொதித்து, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழுந்ததும் எழும்புமே — பாதி கஞ்சி, பாதி செம்பு. சுரங்க வரைபடங்களைத் துணியில் ஒட்டுவதற்காக எங்கள் டிராயிங் ஆபீஸில் மாதம் இரண்டு தடவை காய்ச்சுவார்கள். பதினெட்டு வருஷமாக மோந்து பழகியதுதான். அன்றைக்கு மட்டும் படியிலேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் சில மாதங்களாக அது எனக்கு ஆபீஸ் வாசனை இல்லை. வேறொரு வீட்டின் வாசனை. அந்த வீடு சனிக்கிழமையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

வாசகர்களே, உங்களிடம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழி பிறந்த வாரத்தில், இதே இடத்தில், 'நான் செய்த காகித விமானம் பறந்தது' என்று எழுதினேன். நினைவிருக்கிறதா? சிலர் கார்டு போட்டுப் பாராட்டினீர்கள். ஒருவர், எங்கள் தங்கச் சுரங்கத்தின் பேரைச் சேர்த்து, என்னை 'பாலகாட்டின் பருந்தே' என்று விளித்திருந்தார். அந்தக் கார்டை மூன்று தடவை படித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த வாக்கியத்தில் 'விமானம்' நிஜம். 'பறந்தது' சத்தியமான நிஜம். 'நான் செய்த'... அங்கேதான் இடிக்கிறது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மழை ஓய்ந்த சமயம். துரை பங்களா பட்லர் எனக்கு எப்போதாவது பழைய இங்கிலீஷ் பேப்பர் கொடுப்பார். அப்படி வந்த ஒன்றில் ஒரு படம். ஆள் ஏறிப் பறக்கிற யந்திரம். எந்தச் சீமை என்று தெரியவில்லை, மடிப்பில் கிழிந்திருந்தது. இரண்டு அடுக்கு றெக்கை. நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதன், ஜட்கா வண்டியில் உட்கார்ந்திருப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

எனக்கு வயது நாற்பத்தாறு. என் வேலை என்ன தெரியுமா? பூமிக்குள் இருக்கிற இருட்டைத் தாளில் கோடாகப் போடுவது. இந்த ஷாப்ட், அந்த லெவல், அதற்கும் கீழே இன்னொரு லெவல். பதினெட்டு வருஷமாக என் பேனா கீழே கீழேயே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு தடவையாவது அது மேலே போகக் கூடாதா?

படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்தேன். அதில் றெக்கை லேசாக வளைந்திருந்தது — முன்னால் கொஞ்சம் மேடு, பின்னால் சரிவு. நான் என்ன செய்தேன்? பேப்பர் கசங்கியதில் படம் கோணிவிட்டது என்று முடிவு கட்டி, ஸ்கேலை வைத்து நேராக்கினேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஆபீஸில் ஒரு கோடு கோணினால், கீழே ஒருவன் தப்பான இடத்தில் பாறைக்கு வெடிமருந்து வைப்பான். நேராக்குவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அந்தப் பழக்கத்தில் ஆகாயத்துக்கும் ஸ்கேல் வைத்துவிட்டேன்.

தென்னை ஈர்க்கில் உடம்பு. கெட்டி டிராயிங் பேப்பரில் றெக்கை. ஒட்டித் தூக்கிப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஈரத்துணி மாதிரி தொங்கியது. தொங்கினால் சுரங்கத்து ஆள் என்ன செய்வான்? முட்டுக் கொடுப்பான். மேல்பாறை இறங்காமல் மரத்தைக் கொடுத்து நிறுத்துகிறோமே, அதே மாதிரி மூங்கில் சிம்புகளை றெக்கைக்கு அடியில் வரிசையாக நிறுத்தினேன். அழகாகத்தான் இருந்தது. தூக்கி விட்டேன். கல் மாதிரி விழுந்தது.

"இன்னா சார் இது, பறக்குற மெஷினா, புதுசா ஒரு லெவலா? இவ்ளோ முட்டு குடுத்து வெச்சிருக்கீங்க."

பக்கத்து வீட்டு முனுசாமி. வைண்டிங் இன்ஜின் டிரைவர். கேஜில் — கயிற்றில் தொங்கும் இரும்புக் கூண்டில் — ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிறவர். லீவரில் அவர் கை ஒரு விரற்கடை பிசகினால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும். அதனால் ஊருக்கு அவர்மேல் மரியாதை. அவருக்கோ கயிற்றின்மேல் மட்டும்தான் மரியாதை.

"றெக்கை தொங்குது முனுசாமி."

"தொங்காம? கயிறு எங்க? கயிறு இல்லாம எதுவும் மேல நிக்காது சார். இருவது வருசமா பாக்கறேன்."

"கொக்கு நிக்குதே."

"கொக்குக்கு உசுரு கீது. உங்க பேப்பருக்கு இன்னா கீது?"

முட்டுகளைத் தட்டிச் சரிசெய்தேன்.

அப்போதுதான் லூர்தம்மா வந்தார்.

எங்கள் லைனின், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையின், கடைசி வீடு. சனிக்கிழமை மத்தியானம் என்றால், ஆபீஸில் கழித்துப்போட்ட தாள்களை வாங்கிப் போக என் வீட்டுக்கு வருவார். காகிதப் பூ செய்கிறவர். இது சாவு சொல்லாமல் வருகிற ஊர். பூவோ சொல்லிவைத்தால்தான் வரும். அதனால் சவப்பெட்டிமேல் வைக்க காகிதப் பூ வளையம். லூர்தம்மாவின் வளையம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவரும் மண்ணுக்குள் போனதில்லை.

கல்யாணப் பந்தலுக்கும் காகிதப் பூ வேண்டும். மாதா கோயில் சப்பரத்துக்கும் வேண்டும். ஆனால் அதெல்லாம் அவரிடம் போகாது. அவர் புருஷன் ஒரு நாள் காலை ஷிப்டுக்குக் கேஜில் இறங்கினார். கீழே பாறை வெடித்தது. மதியம் கேஜ் ஏறியது. அவர் நடந்து வெளியே வரவில்லை. அன்று தொடங்கி அந்தக் கைக்குக் கல்லறைப் பூ மட்டும்தான் என்று லைனில் எல்லோரும், கூடிப் பேசாமலே, முடிவு செய்துவிட்டார்கள். இந்து என்ன, கிறிஸ்தவர் என்ன — இதில் மட்டும் எல்லோரும் ஒரே சாமி கும்பிடுகிறவர்கள்தான். லூர்தம்மா பெயரோடு ஊர் ஒட்டவைத்த ஒரு வார்த்தை உண்டு. உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அது வராது.

அந்தக் காலை ஷிப்டில் கேஜை இறக்கியவர் முனுசாமி. அவர் தப்பு அதில் துளியும் கிடையாது. பாறை செய்த வேலை. ஆனாலும் லூர்தம்மா எதிரே வந்தால் அவர் கண் தானாகத் தரைக்குப் போய்விடும்.

லூர்தம்மா என் யந்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு சார் இத்தினி ஊனுகோலு?"

"இல்லாவிட்டால் தொங்குதும்மா."

"சப்பையா இருந்தா தொங்கத்தான தொங்கும். இதழும் அப்படித்தான். வளைச்சி வுட்டா நிக்கும்."

குப்பையிலிருந்து ஒரு தாள் துண்டை எடுத்தார். இடுப்பிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. அதன் முதுகுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே தாளை வைத்து — ஒரே இழு. 'சர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தாளின் ஒரு முனையைப் பிடித்து நீட்டினார்.

ஒரு நிமிஷம் முன்னால் நாக்கு மாதிரி தொங்கிய அதே தாள், வாழைமட்டை மாதிரி விறைத்து நின்றது. அடியில் ஒன்றும் இல்லை.

"முட்டு எங்கே?" என்றேன், மடையன் மாதிரி.

"வளைவுதான் சார் முட்டு."

இன்ஜின் ஹவுஸ் வாசலில் செங்கல் வளைவு இருக்கிறது. அதன்மேல் அத்தனை சுவர். அடியில் ஒரு கம்பு கிடையாது. பதினெட்டு வருஷமாகத் தினமும் அதன் கீழே நடந்து போகிறேன். ஒரு நாள் அண்ணாந்து பார்த்திருந்தால்?

முனுசாமி விடவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "பேப்பரு நிக்கும்மா. பறக்குமா?"

"பறந்தா?"

"பறந்தா இன்னா வோணும், கேளு. பணம் வெச்சி ஆடமாட்டேன். வேற எதுனா கேளு."

விளையாட்டாகத்தான் சொன்னார். லூர்தம்மா விளையாடவில்லை. தாள் துண்டை மடியில் வைத்து, கத்தரிக்கோலை இடுப்பில் செருகி, நிதானமாகக் கேட்டார்.

"தையில உங்க பொண்ணுக்கு கல்யாணம் இல்லண்ணா?"

"ஆமா."

"பந்தல்ல என் பூவு."

எங்கள் ஊரில் மௌனம் என்று ஒன்று கிடையாது. தாதுக்கல்லை இடிக்கிற மில்லின் சத்தம் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அந்த இடி எனக்கு மிக அருகில் கேட்டது. முனுசாமி என்னைப் பார்த்தார். என் மூங்கில் முட்டுகளைப் பார்த்தார். கடைசியில் — முதல் தடவையாக — லூர்தம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"சைனைடு மேட்டு மேலேர்ந்து வுடணும். வண்டிப்பாதைய தாண்டி, புங்கமரத்துக்கு அந்தாண்ட வுழணும். மூணு தடவ. அதுக்கு மேல கெடையாது."

"சரிண்ணா."

"கயிறு கூடாது."

"நீங்கதானண்ணா கயிறுக்காரரு. எனக்கு எதுக்கு?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் லூர்தம்மாவின் வீட்டில் கழிந்தன. என் மனைவியும் கூட வந்து உட்கார்ந்துகொள்வாள். லைன் பேச்சுக்கு அது ஒரு முட்டு.

டிராயிங் பேப்பரை அவர் தொடவே இல்லை. "பாரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற மெழுகுவத்திக்கு நீலத்தாள் சுற்றி வருமே, அந்தப் பொட்டலத் தாள். மெல்லிசு, ஆனால் லேசாக மெழுகு ஏறி முறுக்கானது. அதைத்தான் எடுத்தார். இரண்டு அடுக்கு றெக்கை வேண்டாம் என்றும் அவரே சொன்னார்: "கொக்குக்கு ஒரு ஜோடிதான சார்."

தாளுக்கு ஓட்டம் உண்டாம். ஒரு வாட்டமாக இழுத்தால் வளையும். குறுக்கே இழுத்தால் முறியும். காதருகே வைத்து மெல்ல மடித்து, சத்தத்தை வைத்தே எந்த வாட்டம் என்று சொல்லிவிடுவார். தாளோடு வாழ்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். தாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் ரோஜா இதழுக்குப் போடுகிற வளைவைப் போட்டார். விட்டதும் மூக்கைத் தூக்கி, குட்டிக்கரணம் அடித்து, முதுகில் விழுந்தது. என் மனைவி சிரித்தாள். லூர்தம்மா சிரிக்கவில்லை. "ரொம்ப சுருட்டிட்டேன்" என்றார்.

அடுத்து தாமரையின் வெளியிதழ். முன்னும் பின்னும் ஒரே சீரான வளைவு. அது பறந்தது — சாராயக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் நடக்கிற மாதிரி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. ரோஜாவில் கொஞ்சம் குறைத்து, தாமரையில் கொஞ்சம் கூட்டி. வீடு முழுக்க நீலத் துண்டுகள்.

ஒரு ஞாயிறு, யாருக்கோ வளையம் செய்ய வேண்டியிருந்தது. விமானத்தை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளை லில்லி செய்துகொண்டிருந்தார். லில்லி இதழைக் கவனித்திருக்கிறீர்களா? அடியில் சட்டென்று வளையும். பிறகு நுனி வரைக்கும் மெல்ல நிமிர்ந்துகொண்டே போகும். கட்டைவிரலை முதலில் அழுத்தி, மூன்றில் ஒரு பங்கு வந்ததும் தளர்த்திவிடுவார். செய்துகொண்டே இருந்தவர், நின்றார். கையிலிருந்த இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நீலத்தாளை எடுத்தார்.

முன்னால் அழுத்தம். பிறகு தளர்வு. சர்ர்ர்...

வீட்டுக்கு ஓடினேன். அந்த இங்கிலீஷ் பேப்பரைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தேன். படத்தில், தொப்பிக்காரரின் தலைக்குமேல் — முன்னால் மேடு, பின்னால் நீளமான சரிவு. லில்லி இதழ். நான் ஸ்கேல் வைத்து அழித்த அதே வளைவு. சீமையில் எத்தனை பேர் எத்தனை வருஷம் உடைத்துப் போட்டு அதைக் கண்டுபிடித்தார்களோ. எங்கள் லைனின் கடைசி வீட்டில் ஒரு கட்டைவிரல், சவப்பெட்டிக்குப் பூ செய்துகொண்டே, அதே இடத்தில் போய் நின்றது.



இரண்டு றெக்கையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் திரும்பிவிடும். நான் மூலைமட்டமும் காம்பஸும் கொண்டுபோனேன். அவர் அதையெல்லாம் ஓரமாக நகர்த்தி, ஒரு றெக்கையை இன்னொன்றின்மேல் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவே நூலளவு வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி இழுப்பு. கசியாமல் ஒன்றோடொன்று ஒட்டி இருண்டதும்தான் மயில்துத்தம் போட்ட பசையைத் தொட்டார்.

மூக்குக்குப் பாரம்? ஒரு சொட்டு மெழுகு. அதுவும் சுரங்கத்து மெழுகுவத்திதான்.

அடுத்த ஞாயிறு பிற்பகல், பந்தயம். சங்கு ஊதி, பகல் ஷிப்ட் கலைந்து, வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சைனைடு மேடு தெரியாதவர்களுக்கு: சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய குன்று. வெள்ளையாக, ஒரு புல்லும் முளைக்காமல். பூமிக்குள் இருந்ததெல்லாம் மேலே வந்து மலையாகிவிட்டது. நாங்கள் நின்ற உயரம் முழுக்க எங்கள் ஆட்கள் தோண்டிய ஆழம்.

முனுசாமி வெளுத்த தலைப்பாகை கட்டி வந்திருந்தார். கூடவே அவர் மனைவி கன்னியம்மா, மூச்சிரைக்க, கோபமாக.

"என் பொண்ணு கல்யாணத்த வெச்சி காத்தாடி வுடறீங்களா? வெளங்குமா இது? இந்தாம்மா லூர்து, உம்மேல எனக்கு வருத்தம் கெடையாது. ஆனா நல்ல காரியத்துல..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. லூர்தம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் தடவை நான் விட்டேன். ஆவேசமாக, கல்லெறிகிற மாதிரி. மேலே பாய்ந்து, ஒரு கணம் திகைத்து, பத்தடியில் மண்ணில் குத்தியது.

"ஒண்ணு" என்றார் முனுசாமி.

இரண்டாவதும் நான்தான். அழகாகப் போயிற்று. போய், வலப்பக்கம் சாய்ந்து, பெரிய வட்டம் ஒன்று போட்டு, திரும்பி வந்து முனுசாமியின் தலைப்பாகையில் உட்கார்ந்தது.

"ரெண்டு. கூட்டுக்கு வந்துடுச்சி சார்."

எடுத்துப் பார்த்தேன். நான் பிடித்த இடத்தில் என் வியர்வைக் கட்டைவிரல் பட்டு வலது றெக்கை சப்பையாகியிருந்தது. பதினெட்டு வருஷத்துக் கை. தொட்டதையெல்லாம் நேராக்கிவிடுகிற கை.

லூர்தம்மா மண்ணில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். ஒட்டிய றெக்கையைக் கவிழ்த்துச் சரிபார்க்க முடியாது, கண்ணால்தான். றெக்கையை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சவப்பெட்டி காத்திருக்க, வீட்டார் அழுதுகொண்டு நிற்க, அவசரத்தில் வளையம் கட்டிப் பழகிய விரல். மூன்று இழுப்பு. ஊதிப் பார்த்தார். எழுந்தார்.

நான் கையை நீட்டினேன்.

"நீங்க வுடாதீங்க சார்."

மேட்டின் விளிம்புக்குப் போனார். லேசான எதிர்காற்று. முந்தானை பின்னால் படபடத்தது. அவர் எறியவில்லை. வைத்தார். குளத்தில் அகல் விடுகிறவர்கள் தண்ணீரில் வைப்பார்களே, அப்படிக் காற்றின்மேல் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார்.

அது நின்றது.

அடியில் முட்டு இல்லை, மேலே கயிறு இல்லை, அது நின்றது. பிறகு நகர்ந்தது. அவசரமே இல்லாமல், வெள்ளைச் சரிவின்மேல் தன் சின்ன நீல நிழலை இழுத்துக்கொண்டு, கீழே கீழே என்று போகாமல், தூரம் தூரம் என்று போயிற்று. பாதையில் போன வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி அண்ணாந்தார். புங்கமரத்தின் உச்சி வந்தது. முட்டிக்கொள்ளும் என்று நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அது மரத்துக்கு அந்தப் பக்கம், அறுத்த ராகிக் கொல்லையில், வயிறு உரசாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

முனுசாமி அந்தக் கொல்லையையே பார்த்தார். "கயிறு இல்ல" என்றார், தனக்குத்தானே.

"இல்லண்ணா."

கன்னியம்மா திரும்பிப் பாராமல் மேட்டைவிட்டு இறங்கிப் போனார்.

மறுவாரம் அந்த மார்கழிப் பத்தியை எழுதினேன். 'நான் வளைத்தேன். நான் விட்டேன். நான் பார்த்தேன்.' ஒரு குடும்பப் பெண்ணின் பேரைப் பத்திரிகையில் இழுப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம். ரொம்ப சௌகரியமான காரணம்.

லூர்தம்மா மிஷன் பள்ளியில் படித்தவர். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் தாள் கட்டை வாங்கிக்கொண்டார். வாசல் தாண்டும்போது திரும்பினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். மேட்டு மேல நான் எங்க நின்னேன்னுதான் தெரியல."

போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

தை வந்தது. முனுசாமி வாக்குத் தவறாதவர். பந்தல் முழுக்க லூர்தம்மாவின் பூ. நீலமும் வெள்ளையுமாக லில்லிச் சரம் சரமாக, காற்று வந்தால் ஒரே சமயத்தில் எல்லாம் பறக்கப் பார்க்கிற மாதிரி. சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார்கள்.

ஆனால் யாராவது கேட்டால் முனுசாமி என்ன சொன்னார் தெரியுமா? "பெங்களூர்லேர்ந்து வரவழைச்சது."

பந்தயத்தில் பூ என்றுதான் பேச்சு. பேர் என்று பேச்சில்லை. அவரைக் குறை சொல்ல நான் யார்? நானும் அதையேதானே செய்தேன், அச்சிலேயே?

பந்தியில் எனக்கு எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா. பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில் அலங்காரச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் ஒரு லில்லியை எட்டிப் பறித்து, இதழைத் தடவிப் பார்த்தார்.

"பெங்களூர்ல எந்தக் கடைங்க சம்பந்தி?"

"அது... மார்க்கெட்டாண்ட..."

"எங்க ஊர்ல இந்த வளைவு போடற கை கெடையாதுங்களே. முப்பது வருசமா இதே தொழில்ல இருக்கறேன்."

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் என் இலையைப் பார்த்தேன். அதில் ஒரு அப்பளம் இருந்தது. பாவி, அதுகூட வளைந்திருந்தது. வாயைத் திறக்க அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. நான் அப்பளத்தைக் கடித்தேன்.

சாதக் கூடையோடு வந்த கன்னியம்மா அப்படியே நின்றார்.

"பெங்களூராவது இன்னாவது. எங்க லைனு லூர்து செஞ்சது."

"தே, சும்மா இரு" என்றார் முனுசாமி மெதுவாக.

"இன்னா சும்மா இரு? இத்தினி பேரு அண்ணாந்து பாக்கறாங்க. எம்பொண்ணு பந்தல அவ நிமித்தி வெச்சிருக்கறா, அவ பேர சொன்னா வாயி வெந்துடுமா?"

அதோடு விடவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, லைனின் கடைசி வீடு வரைக்கும் தானே நடந்துபோய், லூர்தம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, அத்தனை பேர் எதிரிலும் இலை போட்டு உட்காரவைத்தார். மேட்டிலிருந்து முகம் திருப்பிப் போனாரே, அதே கன்னியம்மா.

பெரியப்பா தன் பெங்களூர்க் கடைக்கு லூர்தம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார். லூர்தம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. பத்து நாள் யோசித்துவிட்டுச் சொல்லி அனுப்பிய பதில் இது: "பந்தலும் செய்வேன், கல்லறை வளையமும் செய்வேன். ரெண்டுத்துக்கும் ஒரே கைதான். சம்மதம்னா வரேன்." பெரியப்பாவுக்குச் சம்மதம்.

போன சனிக்கிழமை பங்காருபேட்டை ஜங்ஷன் வரைக்கும் போய் வழியனுப்பினோம். டிரங்குப் பெட்டியைத் தூக்கியது முனுசாமி. நீல விமானத்தை அவர்தான் கேட்டு வாங்கிவைத்திருக்கிறார். வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. கயிற்றில்தான். சில பேரை மாற்ற முடியாது.

பெங்களூர் வண்டி வந்து நின்றது. லூர்தம்மா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். இடுப்பில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். முனுசாமி தண்ணீர் பிடிக்கப் போனார். கார்டு பச்சைக் கொடியை விரித்தார். இனி எப்போது கேட்பது?

"லூர்தம்மா, நான் திருத்தி எழுதணும். பேர் போடலாமா?"

வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன்.

"போடுங்க சார். றெக்கைய வளைச்சது லூர்துன்னு போடுங்க. வுட்டதும் லூர்துன்னு போடுங்க."

"வேற?"

"ஊரு சேத்து சொல்ற அந்த இன்னொரு வார்த்த வேணாம். அதான் எல்லாருக்கும் தெரியுமே. அதுக்கு எதுக்கு சார் மையி?"